இணைவு ஆய்வுக்கு எத்தனை பூட்டு?

ஆசிரியருக்கு,

லேசான அணுக்கருக்களைச் சேர்த்து ஆற்றல் எடுக்கும் அணுக்கரு இணைவு ஆய்வில் அமெரிக்க அரசு எவ்வளவை வெளியிடலாம் என்ற உங்கள் தலையங்கம் படித்தேன். வெடிகுண்டு வடிவமைப்பு பூட்டியே இருக்கட்டும், சரி. மின்சாரத்துக்கான ஆய்வை மூடிவைத்தால் அது நொண்டும். 1958 ஜெனீவா மாநாட்டில் அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் மூன்றும் ரகசியத்தைத் தளர்த்தின. அந்தத் திறப்பு இல்லாவிட்டால், பனிப்போரின் நடுவே பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் லேசர் கருவியோடு மாஸ்கோ போய், 1969-இல் டோகாமாக்கின் (சூடான வாயுவைக் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் சோவியத் இணைவுக் கருவி) வெப்பநிலையை உறுதிசெய்திருக்க முடியுமா?

எண்பதுகளில் எம்.எஸ்சி. படித்தபோது, டோகாமாக் படங்களை நூலகத்தில் உட்கார்ந்து நோட்டில் பார்த்து வரைந்தேன். லேசரின் ஆற்றலால் எரிபொருளை நசுக்கிச் சூடாக்கும் லேசர் இணைவில், எரிபொருள் உருண்டையைச் சுற்றியிருக்கும் உலோகக் கூட்டைப் பற்றி உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதில் பெரும்பகுதி 1993 இறுதியில்தான் வெளிவந்தது. இனி ரகசிய முத்திரை குத்தும் ஒவ்வொரு கோப்பிலும் காரணமும் முடிவுத் தேதியும் எழுதட்டும். நீட்டிக்க வேண்டுமானால் வெளி விஞ்ஞானிகள் குழு ஒப்புதல் தரட்டும்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், திருச்சி