வரைபடம் பிள்ளைகள் கையில் இருக்கட்டும்

காரைக்குடி
05.01.2026

அன்புடைய பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரும் வரும் 24ஆம் தேதி சனிக்கிழமை மதுரைக்குப் போகிறார்கள். இது வழக்கமான சுற்றுலா அல்ல. முன்னால் ஆசிரியர் நடக்க, பின்னால் வரிசையாகப் பிள்ளைகள் போவதில்லை. ஐந்து பேர் கொண்ட எட்டுக் குழுக்கள், தங்கள் கையில் உள்ள வரைபடத்தைப் பார்த்துத் தாங்களே வழி கண்டு நடப்பார்கள். ஆசிரியர்கள் ஆறு பேர் போய்ச் சேரும் இடங்களிலும் சாலை கடக்கும் இடங்களிலும் நிற்பார்கள். பிள்ளை வழி கேட்டால் சொல்ல மாட்டார்கள்; ஆபத்து என்றால் மட்டும் குறுக்கிடுவார்கள்.

முதலில் காந்தி அருங்காட்சியகம். அதே வளாகத்தில் அரசு அருங்காட்சியகம். மதியச் சாப்பாடு பக்கத்தில் உள்ள ராஜாஜி பூங்காவில். பிறகு தமுக்கத்தில் தமிழன்னை சிலையைப் பார்த்துவிட்டு ராஜா முத்தையா மன்றம். நடை மொத்தமே மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மீனாட்சியம்மன் கோயிலும் திருமலை நாயக்கர் மகாலும் ஏன் இல்லை என்று நிச்சயம் கேட்பீர்கள். அவை வைகைக்குத் தென்கரையில் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்தால் நாளில் பாதி பேருந்திலேயே போய்விடும். நடை என்ற சொல்லுக்கே பொருள் இருக்காது.

நாளைத் தேர்ந்ததிலும் கணக்கு உண்டு. வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் அரசு அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. காந்தி அருங்காட்சியகம் காலை 10 மணிக்குத் திறந்து மதியம் 1 மணிக்கு மூடி, 2 மணிக்கு மறுபடி திறக்கும். அதனால்தான் அதை முதலில் வைத்திருக்கிறோம். பன்னிரண்டரை மணிக்குப் போய் நின்றால் அரைமணி நேரத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். பேருந்து காலை 7 மணிக்குப் பள்ளியிலிருந்து புறப்படும். திருப்பத்தூர், மேலூர் வழியாக ஏறக்குறைய 90 கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்.

காந்தி அருங்காட்சியகம் இருப்பது ராணி மங்கம்மாளின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தமுக்கம் அரண்மனையில். 1959 ஏப்ரல் 15 அன்று நேரு அதைத் திறந்து வைத்தார். விடுதலைப் போராட்ட வரலாற்றைச் சொல்லும் பகுதியில் மட்டும் 265 படங்கள். ஒரு படத்துக்குப் பதினைந்து நொடி என்றாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிள்ளைகள் முதல் இருபது நிமிடம் எல்லாப் பலகையையும் வரிவிடாமல் படிப்பார்கள். பிறகு கால் வலிக்கும், கண் சோரும், கடைசி அறைகளை ஓட்டமாகக் கடப்பார்கள். காந்தியடிகள் சுடப்பட்ட நாளில் உடுத்தியிருந்த, இரத்தக் கறை படிந்த துணியை அந்தக் களைப்போடு பார்ப்பது கூடாது. ஆகவே எங்கள் முறை இது: முதல் பத்து நிமிடம் எதையும் படிக்காமல், குறிப்பும் எழுதாமல், முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். பிறகு குழு கூடிப் பேசி மூன்றே மூன்று பொருள்களைத் தேர்ந்து, திரும்பிப் போய் ஒவ்வொன்றின் முன்பும் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். மூன்றில் ஒன்று அந்தத் துணி. மற்ற இரண்டும் அவர்கள் விருப்பம்.

போவதற்கு முன் வீட்டில் இரண்டு செய்திகளைப் பேசிவையுங்கள். காந்தி மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறியது மதுரையில்தான், 1921 செப்டம்பர் 22 அன்று. ஆறு ஆண்டு கழித்து, 1927 செப்டம்பரில், அவர் நம் செட்டிநாட்டு ஊர்களுக்கும் வந்தார். வீடுகளில் வெளிநாட்டுச் சாமான்கள் நிரம்பிக் கிடப்பதைக் கண்டு வெளிப்படையாகவே வருந்திப் பேசினார். நம் வீட்டு முகப்பிலும், பட்டாலை என்று நாம் சொல்லும் கூடத்திலும் இன்னும் தொங்கும் சீமைக் கண்ணாடிகளையும் விளக்குகளையும் பார்த்து வளர்ந்த பிள்ளை, அந்தத் துணியின் முன்னால் நிற்கும்போது தானாகவே ஏதோ ஒன்றை யோசிக்கும். என்ன என்று நாங்கள் கேட்கப் போவதில்லை.

வழி கண்டுபிடிப்பதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. செட்டிநாட்டு ஊர்களில் தெருக்கள் கட்டம் போட்டதுபோல நேராக ஓடும். ஒரு வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். “இரண்டாவது வலது, மூன்றாவது இடது” என்று எண்ணியே ஊர் முழுக்கப் போய்வந்துவிடலாம். மதுரையின் வடகரைச் சாலைகள் அப்படி இல்லை. வளையும், சாயும், ஓரிடத்தில் ஐந்தாகப் பிரியும். அங்கே எண்ணிக்கை கைவிட்டுவிடும், திசைதான் கைகொடுக்கும். ஜனவரியில் சூரியன் நாள் முழுதும் தெற்கே சாய்ந்தே இருக்கும். காலை பத்து மணிக்கு நிழல் வடமேற்கே விழும், உச்சிப்பொழுதில் நேர் வடக்கே. நிழலைப் பார்த்து வரைபடத்தைத் திருப்பிப் பிடிக்கத் தெரிந்தால் போதும். பெரும்பாலோர் வழி தவறுவது தாளைத் திருப்பாமல் தங்களைத் திருப்பிக்கொள்வதால்தான்.

தொலைவை அடியால் அளக்கவும் பழக்குகிறோம். பள்ளி மைதானத்தில் 50 மீட்டர் குறித்து வைத்திருக்கிறோம். ஒவ்வொருவரும் நான்கு முறை நடந்து தன் அடிக்கணக்கைச் சராசரி எடுப்பார். இந்த வயதில் 100 மீட்டருக்கு 130 முதல் 150 அடி வரை வரும். கூட்டத்தில் அடி குறுகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

குழுவில் ஐந்து வேலைகள்: வரைபடம் பார்ப்பவர், நேரம் பார்ப்பவர், ஆள் எண்ணுபவர், குறிப்பெழுதுபவர், பணம் வைத்திருப்பவர். ஒவ்வோர் இடத்திலும் வேலை மாறும். எல்லாவற்றிலும் முக்கியமானவர் ஆள் எண்ணுபவர்தான். குழு பிரிவது பெரும்பாலும் சாலை கடக்கும்போது: மூவர் ஓடிவிடுவார்கள், இருவர் நின்றுவிடுவார்கள். ஆகவே ஐவரும் தோளோடு தோள் நின்று, எண்ணுபவர் “ஐந்து” என்று சொன்ன பிறகே காலை எடுத்து வைக்க வேண்டும். பிரிந்துவிட்டால், தனியானவர் நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது. தேடுவது மற்ற நால்வரின் வேலை. கடைசியாக ஐந்து எண்ணிய இடத்துக்கு அவர்கள் திரும்பி வர வேண்டும். இரு தரப்பும் தேடப் புறப்பட்டால் ஒருவரையொருவர் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். பத்து நிமிடத்தில் சேரவில்லை என்றால் பக்கத்துக் கடையிலோ போக்குவரத்துக் காவலரிடமோ சொல்லி ஆசிரியரை அழைக்க வேண்டும். எண்கள் எழுதிய சீட்டு சட்டைப்பையில் இருக்க வேண்டும், முதுகுப்பையில் அல்ல.

ராஜா முத்தையா மன்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மகன் முத்தையா செட்டியார் பெயரால் அமைந்த அரங்கம் அது. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்று அண்ணாமலை செட்டியார் முன்னின்று நடத்திய இயக்கத்திலிருந்து 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. பாட்டின் சொல் கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்பதே அந்த வாதத்தின் உயிர். அப்படியானால் அரங்கமும் சொல்லைக் கெடுக்காமல் கடைசி வரிசை வரை கொண்டுபோக வேண்டும் அல்லவா? அதைத்தான் பிள்ளைகள் சோதிப்பார்கள்.

ஒருவர் மேடையில் நின்று ஒருமுறை கைதட்டுவார். மற்றவர்கள் கடைசி வரிசையில் ஒலி தேயும் வரை கேட்பார்கள். பிறகு மேடையிலிருப்பவர் வழி, வளி, வலி, பள்ளி, பல்லி என்று உரத்துக் கத்தாமல், ஒலிபெருக்கி இல்லாமல், தன் விருப்பப்படி மாற்றி மாற்றிச் சொல்ல, பின்வரிசையில் கேட்டதை எழுதுவார்கள். எதிரொலி நீண்டால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் விழுந்து ழகரமும் ளகரமும் குழம்பும். காலி அரங்கில் இது கூடுதலாகவே இருக்கும். ஆட்களும் அவர்கள் உடுத்திய துணியும் ஒலியை உறிஞ்சுவதுபோல வெறும் தரை உறிஞ்சாது.

இதையே வீட்டில் இந்த வாரம் செய்து பார்க்கச் சொல்லுங்கள். வளவின், அதாவது திறந்த உள்முற்றத்தின், நடுவில் கைதட்டினால் ஒலியில் பெரும்பகுதி வானத்துக்குப் போய்விடும். பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் தரையும் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சும் ஒலியைத் திருப்பி அடிக்கும். ஜமக்காளம் விரித்து ஒருமுறை, விரிக்காமல் ஒருமுறை. அப்பத்தாவையோ ஆயாவையோ மறுமுனையில் உட்கார வைத்து, கேட்ட சொல்லைச் சொல்லச் சொல்லலாம். அன்று மன்றத்தில் நிகழ்ச்சி இருந்தால் உள்ளே சோதிக்க முடியாது. அப்போது நம் பள்ளிக் கூட்ட அரங்கில் செய்வோம்.

பூங்காவில் சாப்பாட்டுக்குப் பின் ஒரே வேலைதான்: ஒரு மரத்தைத் தேர்ந்து, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நூலால் சுற்றளவு எடுப்பது. மற்ற நேரம் ஓய்வு.

கொடுத்தனுப்ப வேண்டியவை: ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, பென்சில் (அடித்து அடித்து எழுத வேண்டியிருக்கும், பேனா வேண்டாம்), இரண்டு மீட்டர் நூல், கைச்செலவுக்கு 50 ரூபாய், அதற்கு மேல் வேண்டாம். பழகிய செருப்போ ஷூவோ போதும். புதியது கடித்தால் மதியத்துக்கு மேல் அந்தக் குழு முழுவதும் நொண்டும். சாப்பாட்டுக்குப் புளியோதரை நல்லது. தயிர்ச்சாதம் என்றால் சோற்றை நன்றாக ஆறவிட்டு, பாலில் பிசைந்து, ஒரு கரண்டி தயிர் மட்டும் விடுங்கள். ஒரு மணிக்குப் புளிக்காமல் இருக்கும். சீப்புச்சீடை, கைமுறுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம், ஐந்தாகப் பங்கிட்டுக்கொள்வார்கள்.

கைப்பேசி குழுவுக்கு ஒன்று, பள்ளியே கொடுக்கும். பிள்ளைகளை அழைக்க வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன். சாலை கடக்கும் நேரத்தில் வரும் “சாப்பிட்டியா?” என்ற ஒரு அழைப்பு போதும், எண்ணிக்கை தவறிவிட. காலை 11.30, மதியம் 1.30, மாலை 3.30 மணிக்கு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் நலம் என்று செய்தி வரும்.

இன்னொரு வேண்டுகோள். 18ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, உங்கள் பிள்ளையோடு வீட்டிலிருந்து கம்பன் மணிமண்டபம் வரையோ, உங்கள் ஊர்க் கோயில் வரையோ நடந்து பாருங்கள். பிள்ளை முன்னால், நீங்கள் பத்தடி பின்னால். தவறான தெருவில் திரும்பினாலும் வாயைத் திறக்காதீர்கள். தானாக உணர்ந்து திரும்ப எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதை மட்டும் கீழே உள்ள சீட்டில் எழுதுங்கள். குழுக்களைப் பிரிக்கும்போது அந்த எண் எங்களுக்குத் தேவை.

பேருந்துக் கட்டணம் 350 ரூபாய். ஒப்புதல் சீட்டோடு 20ஆம் தேதிக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். மூச்சிரைப்பு, வலிப்பு, ஒவ்வாமை இருந்தால் சீட்டின் பின்புறம் எழுதி, மருந்தைப் பெயர் ஒட்டித் தனியாகத் தாருங்கள். மாலை 6.30 மணிக்குப் பேருந்து பள்ளிக்குத் திரும்பும்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்