மரக்கன்றுகளை ஐப்பசியில் நடுங்கள்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், அருப்புக்கோட்டை வட்டார ஊராட்சி நிர்வாகங்களுக்கு,

வணக்கம்.

மரக்கன்று நடும் விழாவை, உலகச் சுற்றுச்சூழல் நாள் என்பதற்காக ஜூன் 5 அன்று வைக்காதீர்கள். நம் கரிசலுக்கு, அதாவது கருங்களி நிலத்துக்கு, மழை தருவது வடகிழக்குப் பருவம். ஜூனில் நட்ட கன்று வேர் பிடிக்குமுன் ஆடிக்காற்றில் சிக்குகிறது; இலை இழக்கும் நீரை, நாற்றுப் பையளவே உள்ள வேர் ஈடுகட்டாது. ஐப்பசி முதல் மழைக்குப் பின், மண் காலில் ஒட்டாத பதத்தில் நடுங்கள். மார்கழிக்குள் வேர் கீழே இறங்கிவிடும். பனைக்குக் கன்றே தேவையில்லை, விதையை ஊன்றினால் போதும்.

குழி ஒன்றரை அடிச் சதுரம், ஒன்றரை அடி ஆழம். ஈரக் கரிசலில் இயந்திரம் போட்டால் குழிச்சுவர் மெழுகினாற்போல் வழவழப்பாகி, வேர் வெளியே போகாமல் உள்ளேயே சுற்றும். கடப்பாரையால் சுவரைக் கீறிவிடச் சொல்லுங்கள். மணலும் செம்மண்ணும் கொட்டி நிரப்புவதை அடியோடு நிறுத்துங்கள். சுற்றிலும் களி, நடுவில் மணல் என்றால் கார்த்திகை அடைமழையில் குழி தொட்டியாகும், வேர் மூச்சுமுட்டி அழுகும். எடுத்த மேல்மண்ணோடு ஒரு கூடை மக்கிய தொழுவுரம் கலந்து, தரையைவிட நான்கு விரல் உயர்த்தி அணையுங்கள். தண்ணீர்ப் பாத்தி தை பிறந்த பிறகு கட்டினால் போதும்.

பாலிதீன் பையை முழுதாகக் கிழித்தெடுத்து, அடியில் சுருண்ட வேரை நறுக்க வேண்டும். இதை மேற்பார்வையாளர் நின்று பார்க்காவிட்டால் பையோடுதான் நடுவார்கள்.

நீர் தேங்கும் களியில் தேக்கு தேறாது. அங்கே கருவேல் கேளுங்கள்; நீர் தேங்காத கரிசலுக்கு வேம்பு, வாகை கேளுங்கள். சுக்கான் என்னும் சுண்ணாம்புக்கல் உள்ள இடத்தில் நரம்பு பச்சையாக இருக்க இளம் இலை வெளுத்தால் அது இரும்புச்சத்துக் குறை. தண்ணீர் கூட்டுவதால் தீராது.

கன்று அதிகம் சாவது முதல் கோடையில். கரிசல் வெடிக்கும்போது நுனிவேர் அறுபடும், வெடிப்பு வழியே ஆழத்து ஈரமும் போய்விடும். மேல்மண்ணை இரண்டு அங்குலம் கொத்தி வெடிப்பை மூடி, சோளத்தட்டையால் மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டி நான்கு விரல் இடைவெளி விடவேண்டும், இல்லையேல் கரையான் ஏறும். தினம் ஒரு சொம்பு தெளிப்பது வேரை மேலேயே நிறுத்திவிடும். வாரம் ஒருமுறை 15 லிட்டர் நிதானமாக ஊற்றுங்கள். தோண்டிப் பார்த்து ஈரம் இருக்கிறதென்று விட்டுவிடாதீர்கள். களி ஈரத்தில் ஒரு பங்கை இறுகப் பிடித்து வைத்திருக்கும், வேருக்குக் கொடுக்காது. நண்பகலில் இலை தொங்கினால் பரவாயில்லை. விடியற்காலையிலும் தொங்கினால் அன்றே தண்ணீர் விடவேண்டும்.

இரண்டு கோடைக்கான தண்ணீர் வண்டிக்கும் முள்வேலிக்கும் நிதியை முன்கூட்டியே ஒதுக்குங்கள். நட்ட எண்ணிக்கையோடு, மறு ஐப்பசியில் உயிரோடு நிற்கும் எண்ணிக்கையையும் கிராமசபையில் வாசியுங்கள்.

இப்படிக்கு,
மரம் வளர்க்கும் கரிசல் விவசாயிகள்