மாலை போட்ட படத்தைத் தாண்டி: ஒரு புத்தகத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெருமக்களுக்கும், வெளியூரில் பிழைப்பாக இருக்கும் நம் சொந்தபந்தங்களுக்கும் படிப்பகக் குழுவின் வணக்கம்.

வருகிற செப்டம்பர் 5-க்குள் சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் தத்துவப் பேராசிரியர் வாழ்க்கையைச் சொல்லும் சிறிய தமிழ்ப் புத்தகம் ஒன்றை அச்சிட்டு, சென்னிமலை, பெருந்துறை, காங்கேயம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுக்க இருக்கிறோம். அதற்குப் பணம் வேண்டும். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிட்டோம்.

"அவரைத்தான் எல்லாத்துக்கும் தெரியுமேங்க" என்று கூட்டத்திலேயே ஒருவர் சொன்னார். தெரிந்தது தலைப்பாகையும் கண்ணாடியும்தான். குடியரசுத் தலைவர், ஆசிரியர் தினம் என்பதோடு நம் பிள்ளைகளின் மேடைப் பேச்சு முடிந்துவிடுகிறது. குடியரசுத் தலைவராக அவர் இருந்தது 5 வருடம். கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் கழித்தது 40 வருடம்.

1888-ல் திருத்தணியில், வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தவர். சென்னை கிறித்துவக் கல்லூரியில் எந்தப் பாடத்தைப் படிப்பது என்ற கேள்வி வந்தபோது, படிப்பை முடித்திருந்த உறவுக்காரர் ஒருவர் தன்னுடைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம், சரி, இதையே படிப்போம் என்று ஆனது. அண்ணன் படித்த புத்தகத்துக்கு அட்டை போட்டுப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அங்கே மிஷனரி ஆசிரியர்கள் இந்து சமயத்தைக் குறை சொன்னது அவரை உறுத்தியது. சண்டைக்குப் போகாமல் உட்கார்ந்து படித்தார். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற பேச்சுக்குப் பதிலாகவே தன் எம்.ஏ. ஆய்வேட்டை எழுதினார். அதை மனம் திறந்து பாராட்டியவர் அவருடைய ஆசிரியர் ஏ. ஜி. ஹாக், அவரும் கிறித்துவ இறையியலாளர்தான். 1908-ல் அது புத்தகமாகவும் வந்துவிட்டது.

பாடம் நடத்தப் போனது 1909-ல் சென்னை மாநிலக் கல்லூரி, 1918-ல் மைசூர், 1921-ல் கல்கத்தா. மைசூரை விட்டுப் புறப்பட்டபோது பூ அலங்காரம் செய்த வண்டியில் அவரை உட்காரவைத்து, மாணவர்களே ரயில் நிலையம் வரை இழுத்துப்போனார்கள். பிறகு ஆந்திராவிலும் காசியிலும் துணைவேந்தர். 1936 முதல் 1952 வரை ஆக்ஸ்போர்டில் கீழை நாட்டு மதங்களுக்கும் அறவியலுக்குமான பேராசிரியர்.

கல்கத்தாவில் இருந்தபோது, 1923-லும் 1927-லும், இந்தியத் தத்துவம் பற்றிய அவருடைய இரண்டு பெரிய தொகுதிகள் வந்தன. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கொடுத்து, நம் படிப்பகத்திலும் அவை இருக்கின்றன. முதல் தொகுதியில் முதல் முப்பது நாற்பது பக்கங்களின் ஓரம் மட்டும் விரல் பட்டுக் கறுத்திருக்கிறது. அதற்கப்புறம் புதுக்கருக்குக் கலையவில்லை. இரண்டாவதை யாரும் தொட்ட மாதிரியே தெரியவில்லை. ஆங்கிலம் ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம் என்று ஆளை நிறுத்திவிடுகிறது. அந்த நாற்பதாம் பக்கத்தைத் தாண்ட வைப்பதுதான் நாம் போடும் புத்தகத்தின் வேலை.

புகழ் மட்டும் பாடப்போவதில்லை. தன் ஆய்விலிருந்து ராதாகிருஷ்ணன் இரண்டாம் தொகுதியில் எடுத்துக்கொண்டார் என்று ஜதுநாத் சின்ஹா என்ற இளம் ஆய்வாளர் 1929-ல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ராதாகிருஷ்ணனும் எதிர்வழக்குப் போட்டார். 1933-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. இதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று குழுவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. சேர்ப்பதென்று முடிவாகிவிட்டது. உயிரும் பரம்பொருளும் ஒன்றே என்னும் அத்வைதத்தின் படியைக் கொண்டே எல்லா மரபையும் அளந்தார் என்ற விமர்சனமும் இருக்கும். அத்வைதத்தை ஏற்காத சைவ சித்தாந்தம் படித்த பெரியவர்கள் இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டார்கள்.

சரி, கணக்கு. 96 பக்கம், 1,000 பிரதி. தாள், அச்சு, கட்டு எல்லாம் சேர்த்து ஈரோட்டு அச்சகத்தில் 70,000 ரூபாய் பேசியிருக்கிறோம். 22,000 கையில் இருக்கிறது. எழுதுகிறவர்கள், மெய்ப்புப் பார்ப்பவர்கள் யாரும் காசு வாங்கவில்லை. ஒரு பிரதிக்கு 70 ரூபாய் ஆகிறது. சனிக்கிழமை கூலி வாங்கியதும் அதைக் கொடுத்தாலே ஒரு பிள்ளைக்குப் புத்தகம் ஆயிற்று. தான் படித்த பள்ளிக்கென்று பத்துப் பிரதிக்குக் கொடுக்க நினைப்பவர்கள் பள்ளியின் பெயரையும் சொல்லுங்கள்.

தினமும் மாலை 6 முதல் 8 மணி வரை படிப்பகத்தில் ஆள் இருப்பார், ரசீது உண்டு. வரவு செலவு வாராவாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பணம் மீந்தால் தமிழில் உள்ள தத்துவ நூல்கள் வாங்கி வைப்போம். அச்சகத்துக்கு முன்பணம் கட்ட வேண்டியிருப்பதால் ஆடிப் பதினெட்டுக்குள் கொடுத்துவிட்டால் சௌகரியம். கொடுத்தவர்கள் பெயர் கடைசிப் பக்கத்தில் அகர வரிசையில் வரும், தொகை வராது. பெயரே வேண்டாம் என்பவர்கள் ரசீது போடும்போது சொல்லிவிடுங்கள்.