வயது வந்தோருக்கு மொழி கற்பிக்கும் பயிற்சியில் கற்பவர்களே இல்லாதது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் நிறுவனத்தின் ‘வயது வந்தோருக்கு அயல்மொழி கற்பித்தல்’ சான்றிதழ்ப் பயிற்சியை ஜெர்மன் பிரிவில் முடித்தவர்

பெறுநர்:
பயிற்சித் துறைத் தலைவர் அவர்கள்

பொருள்: செய்முறைப் பயிற்சி அளிக்காமல் அளித்ததாகச் சான்றிதழ் வழங்கியது, குறையைச் சரிசெய்யக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனம் இணையவழியில் நடத்தும் மேற்கண்ட பயிற்சியில் முழுக் கட்டணமும் செலுத்திச் சேர்ந்து, எல்லாப் பாடப் பகுதிகளையும் முடித்து, சான்றிதழும் பெற்றுவிட்டேன். சான்றிதழ் கைக்கு வந்த பிறகு ஒருவர் புகார் எழுதுவது தங்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சான்றிதழில் ‘மேற்பார்வையுடன் கூடிய கற்பித்தல் பயிற்சியை நிறைவு செய்துள்ளார்’ என்று அச்சிட்டிருப்பதுதான் இக்கடிதத்துக்குக் காரணம். பயிற்சி தொடங்கிய நாள் முதல் முடிந்த நாள் வரை, ஜெர்மன் தெரியாத, அதைக் கற்க விரும்பி வந்த ஒருவர்கூட என் வகுப்பில் அமர்ந்ததில்லை.

செய்முறை வகுப்புகள் என்ற பெயரில் நடந்தவை யாவும் நுண்ணிலைக் கற்பித்தல் எனப்படும் சிறு மாதிரிப் பாடங்களே. என்னுடன் பயின்றவர்களே மாணவர்களாக உட்கார்ந்தார்கள். முறை மாறியதும் நான் அவர்களுக்கு மாணவரானேன். அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஜெர்மன் அறிந்தவர்கள். ஒருவர் என்னைவிட நன்றாகவே பேசுவார். உணவகத்தில் காபி கேட்கும் அடிப்படைப் பாடத்தை நான் நடத்தியபோது, கேள்வி முடியும் முன்பே பிழையற்ற விடை வந்தது. ‘தொடக்க நிலையில் இருப்பவர்போல் தவறு செய்யுங்கள்’ என்று பயிற்றுநர் அறிவுறுத்தியதும் ஆளுக்கொரு தவறைச் செய்தார்கள். உண்மையில் மொழி கற்பவர் எவரும் செய்யாத தவறுகள் அவை. கற்பவரின் பிழைக்கு ஒரு காரணம் இருக்கும். பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் டேர், டீ, டாஸ் போன்றவை தமிழில் இல்லாததால் தமிழ் பேசுபவர் அவற்றை அடியோடு விட்டுவிடக்கூடும். புதிதாகக் கற்ற இலக்கண விதியை விதிவிலக்குகளிலும் கொண்டுபோய்ப் பொருத்துபவர்களும் உண்டு. அந்தக் காரணத்தைக் கண்டறிவதும், பேச்சை இடைமறித்துத் திருத்துவதா, பேசி முடிக்கும் வரை பொறுத்திருப்பதா என்று அந்த நொடியில் முடிவெடுப்பதுமே ஓர் ஆசிரியர் பழகிக்கொள்ள வேண்டிய திறன். நடிக்கப்பட்ட பிழையை வைத்து அதைப் பழக முடியாது. கட்டளை புரியாமல் வகுப்பே விழிக்கும்போது அதை எப்படி எளிமைப்படுத்திச் சொல்வது என்பதும் அப்படித்தான்.

இதைத் தங்கள் உதவிப் பிரிவுக்கு மின்னஞ்சலில் தெரிவித்தேன். ‘உடன் பயில்பவர்களும் வயது வந்தவர்களே, எனவே நிபந்தனை நிறைவேறியுள்ளது’ என்று பதில் வந்தது. அவர்களின் வயதைப் பற்றி எனக்கு எந்த ஐயமும் இல்லை.

தங்கள் விளம்பரம் ‘உலக அளவில் ஏற்கப்பட்ட ஆசிரியர் சான்றிதழ்களுக்கு இணையானது’ என்று கூறுவதால், அத்தகைய இரண்டை இங்கே குறிப்பிடுகிறேன். ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கான கேம்பிரிட்ஜ் நிறுவனத்தின் செல்டா பயிற்சி குறைந்தது 120 மணி நேரம் கொண்டது. அதில் 6 மணி நேரம், இரு வேறு நிலைகளில் உள்ள உண்மையான கற்பவர்களுக்கு, பயிற்றுநரின் பார்வையிலும் மதிப்பீட்டிலும் பாடம் நடத்த வேண்டும். லண்டன் டிரினிட்டி கல்லூரி ஆங்கில ஆசிரியர்களுக்கு வழங்கும் செர்ட் டீசோல் சான்றிதழும் 6 மணி நேரக் கற்பித்தலைக் கோருவதோடு, பயிற்சி பெறுபவர் முன்பின் தெரியாத ஒரு மொழியைச் சில மணி நேரம் தாமே கற்று, தொடக்க நிலை மாணவரின் திணறலை உணர வேண்டும் என்றும் வைத்திருக்கிறது. ஜெர்மனுக்கு இவை நேரடியாகப் பொருந்தாது என்று தாங்கள் கூறலாம். ஆனால் ‘இணையானது’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தது தங்கள் நிறுவனமே.

பாடப்பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டியுள்ளது. முதல் நிலைக்கென்று தரப்பட்ட பயிற்சித் தாள்களில் வண்ணம் தீட்டும் படங்களும் விலங்குகளின் பெயர்ப் பாடல்களும் நிறைந்திருந்தன. குழந்தைகளுக்கான பயிற்சியின் மேலுறையை மட்டும் மாற்றியிருப்பார்கள் என்றே நினைக்கத் தோன்றியது. ஐரோப்பிய அவை 2001இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகம், ஏ1 என்னும் தொடக்க நிலையிலேயே, தங்கும் விடுதியின் பதிவுப் படிவத்தில் பெயர், நாட்டுரிமை, முகவரி ஆகியவற்றை நிரப்பும் திறனைத்தான் எடுத்துக்காட்டாகத் தருகிறது. வேலைக்காகவோ குடும்பத்துடன் சேர்வதற்காகவோ மொழி கற்க வரும் ஒரு செவிலியருக்கோ பொறியாளருக்கோ முதல் வாரத்திலேயே தேவைப்படுவது அது. வயது வந்தோர் தம் அனுபவத்தோடும் உடனடித் தேவையோடும் கற்க வருகிறார்கள் என்று அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1970களிலிருந்தே விரிவாக எழுதியிருப்பதைத் தங்கள் பாடம் ஒரு பக்கத்தில் பாராட்டிவிட்டு, அடுத்த பக்கத்திலேயே மறந்துவிடுகிறது.

‘வயதானால் மொழி ஏறாது, எனவே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளவும்’ என்ற அறிவுரையும் அப்பாடத்தில் உள்ளது. நெதர்லாந்தில் டச்சு மொழி கற்ற ஆங்கிலம் பேசுபவர்களை ஆராய்ந்து ஸ்னோ, ஹூஃப்னாகல்-ஹோலே ஆகியோர் 1978இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்க மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் பதின்வயதினரும் பெரியவர்களுமே. மிகச் சிறிய குழந்தைகள் பின்தங்கியிருந்தனர். உச்சரிப்பில் இளம் வயதுக்கு நெடுநோக்கில் நன்மை உண்டு என்பது வேறு விஷயம். தன் மாணவர்களால் இயலாது என்ற நம்பிக்கையோடு வகுப்புக்குள் நுழையும் ஆசிரியரைத் தயார்செய்வதற்கு ஒரு பயிற்சி நிறுவனம் எதற்கு?

மேற்பார்வை குறித்து அதிகம் எழுத ஒன்றுமில்லை. பதிவுசெய்து அனுப்பிய என் பாடங்கள் அனைத்துக்கும் ‘நன்று, மாணவர் பேசும் நேரத்தை அதிகரிக்கவும்’ என்ற ஒரே வரிதான் பின்னூட்டமாக வந்தது. உடன் பயின்ற வேறு இருவருக்கும் எழுத்துப் பிசகாமல் அதே வரி வந்திருக்கிறது.

எனவே, ஜெர்மன் கற்க வந்த வயது வந்தவர்களைக் கொண்ட வகுப்புகளில், குறைந்தது இரு நிலைகளில், 6 மணி நேரம் பாடம் நடத்த எனக்கு வாய்ப்பளித்து, ஒவ்வொரு பாடத்துக்கும் அதை நேரில் கண்ட பயிற்றுநரின் தனித்தனிப் பின்னூட்டத்தை எழுத்தில் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது இயலாதெனில், செய்முறைப் பயிற்சிக்கென வசூலித்த கட்டணப் பகுதியைத் திருப்பித் தந்து, நடந்ததை உள்ளபடி குறிப்பிடும் திருத்திய சான்றிதழை வழங்க வேண்டும். இரண்டில் எதுவாயினும், ‘இணையானது’ என்ற வாசகத்தை விளம்பரத்திலிருந்து நீக்க வேண்டுகிறேன்; அதை நம்பி அடுத்த பிரிவில் பலர் சேரவிருக்கிறார்கள்.

தற்போதைய சான்றிதழை எந்த வேலை விண்ணப்பத்துடனும் நான் இணைக்கவில்லை. செய்யாத ஒன்றைச் செய்ததாகக் கூறும் தாளை ஒரு பள்ளியிடம் நீட்ட எனக்கு மனமில்லை. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் தங்கள் விளம்பரம், மின்னஞ்சல் பதில், பின்னூட்டங்கள் ஆகியவற்றின் நகல்களுடன் நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவேன்.

இப்படிக்கு,
தங்கள் பயிற்சியின் மாணவர்

இணைப்பு: சான்றிதழ், விளம்பரப் பக்கம், உதவிப் பிரிவின் மின்னஞ்சல், பின்னூட்டங்கள் – நகல்கள்