மர வாத்துக்கு வார்னிஷ் வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் 'டிகாய்' மர வாத்துகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். செதுக்கி முடித்ததும் பளபளப்பு வார்னிஷ் இரண்டு கோட் அடிக்கச் சொல்லியிருப்பது தவறு. அலமாரிப் பொம்மைக்கு அது பொருந்தலாம். டிகாய், பறக்கும் வாத்துகளைத் தண்ணீரில் இறங்க வைக்க வேட்டைக்காரர்கள் மிதக்கவிடும் கருவி. வெயிலில் மினுங்கினால் பறவைகள் மிரண்டு விலகும். அதற்குப் பளபளப்பில்லாத மேட் பெயின்ட்தான் சரி. அமெரிக்காவில் உள்ள நம் வாசகர்கள் சந்தையில் பழைய டிகாய் வாங்கினால் அதன்மேல் புதுப் பூச்சு எதுவும் அடிக்க வேண்டாம். முதல் பெயின்ட் போனால் மதிப்பும் போய்விடும். மாசசூசெட்ஸின் எல்மர் குரோவல் செய்த இரண்டு டிகாய்கள் 2007இல் தலா 11 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயின.

இது 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய கலை என்று உங்கள் கட்டுரை சொல்வதும் சரியல்ல. நெவாடாவின் லவ்லாக் குகையில் 1924இல் கிடைத்த கோரைப்புல் வாத்துகள் ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையானவை.

செய்து பார்க்க விரும்புவோருக்குச் சில விவரங்கள். மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மரத்தின் நட்டநடு மையம் கட்டைக்குள் வந்தால் பின்னாளில் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். நியூஜெர்சியில் வெள்ளை சீடர் மரத்தை இரு பாதிகளாகக் குடைந்து ஒட்டுவார்கள்; குடைந்தபின் மிஞ்சும் சுவர் அரை அங்குலத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது. தலையைத் தனிக் கட்டையில், அலகின் நீளவாக்கில் மர நார் ரேகை ஓடும்படி செதுக்குங்கள். ரேகை குறுக்கே போனால் அலகு ஒடிந்துவிடும்.

மல்லார்டு என்ற வாத்து இனத்தின் ஆணுடைய தலைக்கு டியூப் பச்சையை அப்படியே பூசினால் பிளாஸ்டிக் போலத் தெரியும். முதலில் கறுப்பு, அது காய்ந்தபின் பச்சையை மிக மெல்லியதாக, அடுக்கடுக்காக. விலாவின் நெளிகோடுகளுக்கு, காய்ந்த வெளிர் பூச்சின்மேல் சாம்பல் ஆயில் பெயின்ட் பூசிச் சீப்பு இழுக்க வேண்டும். பெயின்ட் தண்ணியாக இருந்தால் கோடு மூடிக்கொள்ளும். காயத் தொடங்கிவிட்டால் பிசிறும். மேரிலாந்தின் கிறிஸ்ஃபீல்டில் முடிதிருத்தகம் நடத்திய வார்டு சகோதரர்களில் ஸ்டீவ் செதுக்குவதில் தேர்ந்தவர், லெம் வண்ணத்தில். இரண்டும் வேறு வேறு கைத்திறன் என்பதை உங்கள் கட்டுரை சொல்லவே இல்லை.

மிதக்கவிட்டுச் சோதிப்பதையும் விட்டுவிட்டீர்கள். மரத்தில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் சீலர் பூச்சை அடித்தபின், பெயின்ட்டுக்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும். சுமார் 15 அங்குல நீளமுள்ள வாத்தின் அடியில், அது கவிழாமல் இருக்க நீளவாக்கில் பொருத்தும் கீல் (keel) கட்டையை வைத்து, ஈயத்துண்டை ரப்பர் பேண்டால் கட்டித் தொட்டியில் விடுங்கள். மூக்கு தாழ்ந்தால் ஈயத்தைப் பின்னுக்கு நகர்த்துங்கள்; ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். கவிழ்த்துப் போட்டாலும் தானே நிமிர வேண்டும். நிமிரவில்லையென்றால் ஈயம் போதவில்லை, அல்லது கீல் ஆழம் குறைவு. சரியான இடம் கிடைத்த பிறகே திருகாணி போட்டு முடுக்குங்கள்.

இப்படிக்கு,
மரவேலை செய்யும் வாசகர்,
காரைக்குடி