றோட்டைக் கடக்கிறவர்களையும் எண்ணு

155ஆம் கட்டை,
கிளிநொச்சி.

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோவு மட்டும் மழைக்குக் கொஞ்சம் கூட. காலபோக விதைப்பு முடிந்துவிட்டது.

கனடாவில் உங்கள் வீதியில் புது ஹைவேக்கு ஏறி இறங்குகிற சந்தி வரப்போகிறது என்று போன ஞாயிறு நீ ஒரு பக்கமும் மருமகன் ஒரு பக்கமுமாக நின்று என்னைத் தீர்ப்புச் சொல்லக் கேட்டீர்கள். அது பற்றிய ஊர்க் கூட்டத்தில் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்கிறாய் நீ, இருபது நிமிடம் மிச்சம் என்கிறார் மருமகன். போனில் இரண்டு பேரும் சேர்ந்து கத்தினால் எனக்கு ஒன்றும் விளங்காது, அதனால் எழுதுகிறேன். முப்பது வருடம் வீதி வேலை மேற்பார்க்கிற ஓவசியராக றோட்டோடு கிடந்தவன், கொஞ்சம் நீளும்.

மருமகன் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ரொறன்ரோவுக்கு வெளிப்பக்கமாக வருகிற அந்த 413 ஹைவே, 401, 407 ஹைவேகள் இருக்கிற பக்கத்தில் தொடங்கி வோன் நகரில் 400 ஹைவே வரை 52 கிலோமீட்டர். இங்கிருந்து யாழ்ப்பாணம் போகிற தூரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் உள்ளூர் வீதிகளோடு 11 இடத்தில் இன்டர்சேஞ்ச், அதுதான் அந்த ஏறி இறங்குகிற சந்தி. 2018இல் வேண்டாம் என்று கைவிட்ட திட்டம், ஆட்சி மாறியதும் திரும்ப எழும்பியிருக்கிறது. படத்தில் ஹைவே தடித்த கோடு, இன்டர்சேஞ்ச் பூக்கோலம் மாதிரி. உங்கள் வீதி நூல் மாதிரி ஒரு கோடு. நான் அந்த நூலைத்தான் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரணைமடுக் குளத்துத் துருசு, தண்ணீர் திறந்துவிடுகிற அந்தக் கதவு, உனக்கு ஞாபகம் இருக்கும். குளத்தில் தண்ணீர் கிடக்கிறது, பெரிய வாய்க்கால் அகலம் என்பதற்காகத் துருசை முழுக்கத் திறப்பார்களா? கடைசி வயல் வாய்க்கால் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான். மிஞ்சினால் வரம்பு உடையும். இன்டர்சேஞ்சும் ஒரு துருசுதான். ஹைவேயில் ஓடுகிற வாகனம் இறங்குபாதையால் வந்து உங்கள் கலர் லைட்டில் நிற்கும். அந்த லைட்டுக்கும் அடுத்த லைட்டுக்கும் இடையில் இடம் காணாவிட்டால் வரிசை பின்னுக்கு நீண்டு ஹைவேக்கே ஏறிவிடும். அதற்குப் பயந்து லைட்டை இறங்கிறவர்களுக்குக் கூடுதலாகப் பச்சை விட்டால், நடந்து கடக்கிறவன் நின்றுகொண்டே இருப்பான்.

மருமகன் சொல்வதையும் தள்ள முடியாது. எங்கள் கண்டி–யாழ்ப்பாண றோட்டு, ஏ9, 2006 ஓகஸ்டில் பூட்டப்பட்டு, சண்டை முடிந்து திறந்து, பிறகு வழுவழுப்பாகக் காப்பெட் தார் போட்டபோது நான்தான் முதலில் சந்தோஷப்பட்டேன். அம்மாவை நடுராத்திரி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோமே, பழைய குண்டும் குழியுமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன். அந்த றோட்டுக்கு நான் கடன்பட்டவன்.

ஆனால் பின்னேரத்தில் மாடு சாய்த்துக்கொண்டு வந்து அதே றோட்டுக் கரையில் நிற்கிறவனும் நான்தான். முந்தி பஸ் வருகிற சத்தம் கேட்ட பிறகும் மூன்று மாடு கடந்துவிடும். இப்போது சத்தமும் வாகனமும் ஒன்றாக வருகின்றன. எங்கள் மாடு சிவப்பி அடிபட்டது அப்படித்தான், உனக்கு நாங்கள் அப்போது சொல்லவில்லை. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் மட்டும் எவ்வளவு அவசரக்காரனும் கும்பிட நிறுத்துவான். பிள்ளையார் போட்டு வைத்திருக்கிற கலர் லைட் அது, கச்சான் விற்கிறவர்களும் அதனால் பிழைக்கிறார்கள். உங்கள் இறங்குபாதையடியில் அப்படி ஒருவர் இல்லை.

இனி நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். வேலை தொடங்கிய காலத்தில் வாகனம் எண்ண அனுப்புவார்கள். மரத்தடியில் வாங்கு போட்டு, நாலு கோடு கீறி ஐந்தாவதைக் குறுக்கே வெட்டுவது. காருக்கு ஒரு பத்தி, பஸ்ஸுக்கு, லொறிக்கு, சைக்கிளுக்குக்கூட ஒரு பத்தி. குறுக்கே போகிற ஆளுக்குப் பத்தி இல்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கூட்டமாகக் கடந்தார்கள். அவர்கள் போய் முடியும்வரை பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சும்மா இருந்தேன். பிறகு, அவர்களுக்காக நின்ற லொறியை மட்டும் எழுதினேன். அந்தத் தாளை வைத்துத்தான் மேலே கணக்குப் பார்த்திருப்பார்கள்.

ஆகையால் கூட்டத்துக்குப் போ, ஆனால் வெறுங்கையோடு போகாதே. பள்ளி நாள் ஒன்றில் காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை வீதி முனையில் நின்று கடக்கிறவர்களை எண்ணு. பிள்ளை, கிழவர், வண்டில் தள்ளுகிற தாய் என்று பத்தி பிரித்து, தேதியும் நேரமும் போட்டு எழுது. பின்னேரமும் ஒருக்கால். அங்கே போய் மூன்று விஷயம் கேள். இறங்குபாதை லைட்டுக்கும் அடுத்த லைட்டுக்கும் எத்தனை மீட்டர்? பெரிய லொறிகள் உங்கள் வீதிக்குள் வர விடுவார்களா? மூலையில் நிற்காமல் வலப்பக்கம் வளைந்து போக வழி வைத்திருக்கிறார்களா? கடைசியதுதான் எனக்குப் பயம். அப்படித் திரும்புகிறவன் இடப்பக்கம் வருகிற காரைப் பார்த்துக்கொண்டே வளைவான், வலப்பக்கம் கால் எடுத்து வைக்கிற பிள்ளையைப் பார்க்கமாட்டான். அந்த வழியை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாம். செலவு பெரிதாக ஏறாது.

வேண்டவே வேண்டாம் என்று கையெழுத்து வைக்கும்படி நான் சொல்லமாட்டேன். உங்கள் வீதிக்கு வராவிட்டால் அடுத்த வீதிக்கு வரும், அங்கேயும் பிள்ளைகள்தான். அந்த ஹைவே தோட்டக் காணிகளுக்குள்ளால் போவது வேறு கதை. கமக்காரன் நான், அதை எழுதத் தொடங்கினால் தாள் காணாது.

மருமகனோடு சண்டை பிடிக்காதே. அந்த இருபது நிமிட மிச்சத்தில் பேரனை பள்ளிக்கு யார் கூட்டிப் போவது என்று மட்டும் கேட்டுப் பார். எண்ணிய தாளை ஒரு படம் எடுத்து அனுப்பு, கூட்டல் சரியா என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா