மதகுக் கம்பி ஏன் வளைந்தது? மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளை,

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். வாய்க்கால் தலைப்பு மதகில் தண்ணீரை மறிக்கும் கதவான ஷட்டரைத் தூக்கி இறக்கும் ஸ்குரூ ராடு (மரை வெட்டிய கம்பி) நடுவில் நன்றாகவே வளைந்திருக்கிறது. "தகைவு பன்னிரண்டுதான் மாமா வருது, எம்.எஸ். இருநூத்தம்பது தாங்குமே, அப்புறம் எப்படி வளைஞ்சுது?" என்று கேட்டிருந்தாய். தகைவு என்பது ஒரு சதுர மி.மீ. இரும்பின்மேல் விழும் விசை, அதை மெகாபாஸ்கலில் சொல்கிறாய்; எம்.எஸ். என்பது சாதாரண மென்னிரும்பு (மைல்டு ஸ்டீல்). உன் கணக்கில் பிழை இல்லை. ஆனால் நீ போட்டது ஷட்டரைத் தூக்கும் கணக்கு. கம்பி வளைந்தது இறக்கும்போது.

முதலில் உன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஷட்டர் 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர். மேல்புறம் 2 மீட்டர் தண்ணீர், கீழ்ப்புறம் வறண்டு கிடக்கிறது. ஷட்டரின் நடுப்புள்ளி தண்ணீர் மட்டத்துக்கு 1.4 மீட்டர் கீழே இருக்கும். அந்த ஆழத்து அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால் ஏறக்குறைய 20,000 நியூட்டன். இரண்டு டன் விசை ஷட்டரை அது ஏறி இறங்கும் காடியோடு (பக்கத்துப் பள்ளத்தோடு) வைத்து அமுக்குகிறது. இரும்பும் இரும்பும் துருவோடு உரசுவதற்கு உராய்வுக் குணகம் 0.4 என்று வைத்தால் உராய்வு 8,000. ஷட்டரின் எடை 250 கிலோ, அதற்கு 2,500. ஆகத் தூக்குவதற்கு 10,500 நியூட்டன் வேண்டும்.

ராடு 40 மி.மீ. என்றாலும் மரையின் அடிவிட்டம், அதாவது மரை வெட்டியபின் நடுவில் மிஞ்சும் விட்டம், 33தான். நீ 33ஐ எடுத்திருந்தாய், சந்தோஷம். பலரும் 40ஐப் போட்டுவிடுவார்கள். வெட்டி எறிந்த இரும்பு எப்படிச் சுமை தாங்கும்? பரப்பு 855 சதுர மி.மீ., தகைவு 12.3 மெகாபாஸ்கல். மரையில் வரும் முறுக்கு அதோடு ஒரு 6 மெகாபாஸ்கல் அளவுக்குக் கத்தரிப்புத் தகைவை (இரும்பை அறுக்கப் பார்க்கும் தகைவை) தரும். அதையும் சேர்த்துப் பார்த்தாலும் 250க்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

சரி, இப்போது இறக்குவோம். உராய்வு 8,000 எதிர்க்கிறது, ஷட்டரின் எடை 2,500 உதவுகிறது. ராடு தள்ள வேண்டியது வெறும் 5,500. தூக்குவதில் பாதிதான், தகைவு 6.4. உன் சூத்திரத்தின்படி இது இன்னும் பாதுகாப்பு.

ஆனால் இழுக்கும்போது நேராக நிற்கிற கம்பி, தள்ளும்போது பக்கவாட்டில் ஓடப் பார்க்கும். எவ்வளவு தள்ளினால் ஓடும் என்பதற்கு ஆய்லர் 1744லேயே சூத்திரம் கொடுத்துவிட்டார்: பை வர்க்கம், மீள்குணகம் (இரும்பின் விறைப்பு), குறுக்குவெட்டின் இரண்டாம் திருப்புமை (அதன் வடிவம் வளைவை எதிர்க்கும் அளவு) மூன்றையும் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். இந்த ராடில் பிடிமானம் இல்லாத நீளம் 4 மீட்டர். இரண்டு முனையும் கீல் போல என்று வைத்தால் விடை ஏறக்குறைய 7,200 நியூட்டன். அப்போது கம்பியில் இருக்கும் தகைவு 8.4 மெகாபாஸ்கல். எட்டரையில் போய்விடுகிறது மாப்பிள்ளை, இருநூற்றைம்பது தாங்குகிற இரும்பு!

சூத்திரத்தை இன்னொரு முறை பார். அதில் இரும்பின் வலிமைக்கு இடமே இல்லை. பட்டறையில் யாராவது "இ.என். 8 போட்டுடலாம்" என்பார்கள். அது எம்.எஸ்ஸைவிட வலுவான எஃகு, ஆனால் காசுதான் கூடும். அதன் மீள்குணகம் ஏறக்குறைய எம்.எஸ்ஸுக்கு உள்ளதேதான், அதே 7,200லேயே வளையும்.

தேவை 5,500, தாங்குவது 7,200 என்றால் தப்பித்திருக்க வேண்டுமே என்பாய். நம் டெல்டா வாய்க்காலில் ஷட்டருக்கு அடியில் வண்டல் இருக்கும், ஆகாயத்தாமரை இருக்கும், செங்கல்லோ மரக்கட்டையோ மாட்டியிருக்கும். கலங்கல் தண்ணீரில் மேலே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. முழுசாக அடையவில்லையே என்று இரண்டு பேராகப் பிடித்துத் திருகுவார்கள். 30 செ.மீ. கைப்பிடியில் ஆளுக்கு 20 கிலோ விசை கொடுத்தாலே, திருகு விசையைப் பெருக்கித் தருவதால், உராய்வெல்லாம் போக 12,000 நியூட்டனுக்கு மேல் ராடில் இறங்கும். மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கரைத் திட்டிப் பயனில்லை, அவர் வேலையை அவர் செய்தார். தண்ணீர் கேட்கும் விசையை மட்டும் பார்த்து, கைப்பிடி தரக்கூடிய விசையைப் பார்க்காமல் வடிவமைத்ததுதான் கோளாறு. உங்கள் பாடத்திட்டத்தில் தகைவு ஒரு யூனிட், நெடுந்தூண் (தள்ளினால் வளையும் நீளக் கம்பி) வேறொரு யூனிட் என்று பிரித்துவைத்திருப்பதும் எனக்குப் பிடிக்காத விஷயம்.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. ராடின் நடுவில் ஆங்கிளில் ஒரு பிராக்கெட், அதில் ராடு நழுவிப் போக ஒரு புஷ் (வளையம்). பிடிமானம் இல்லாத நீளம் 2 மீட்டராகக் குறையும். தாங்கும் விசை நான்கு மடங்கு, 28,700. அதே பலத்தைத் தடிமனில் கொண்டுவர வேண்டுமென்றால் அடிவிட்டம் 47 மி.மீ. ஆக வேண்டும், இரும்பு இரண்டு மடங்கு. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் தண்ணீர் வந்துவிடும், பிராக்கெட்டை அதற்கு முன்பே வெல்டு வைத்துவிட வேண்டும்.

உனக்கு ஒரு வேலை. ராடையும் ஷட்டரையும் இணைக்கும் பின் 20 மி.மீ. அது இரண்டு இடத்தில் அறுபட்டால்தான் கழலும், ஆகவே பரப்பு 628 சதுர மி.மீ. விசைக்கு 10,500ஐப் போடாதே, கைப்பிடி தரக்கூடியதைப் போடு. ஷட்டரில் பற்றவைத்திருக்கும் காதின் (பின் நுழையும் தகட்டின்) ஓட்டை ஓரம் கிழியுமா என்றும் பார்த்துவிடு. தகட்டின் தடிமனை நேரில் போய் அளந்துகொள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா